அந்தக் கிழவியைக் காட்டியவன்

கம்போடியாவுக்கு இருவர் இருவராக முதுகுப்பையோடு கிளம்பும் இளைய நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



அங்கோர் வாட்டின் மேற்கு வாசல். விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வடபக்கக் குளத்தின் கரையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நூற்றுக்கணக்கானவர்கள் நின்றிருந்தார்கள். அந்த இருட்டுக்குள் எங்கிருந்தோ ஒரு தமிழ்க் குரல்: "மச்சி, எல்லாம் நம்மாளு கட்டினதுடா."

யாருடைய குரல் என்று தெரியவில்லை. வெளிச்சம் வந்தபோது அவர்கள் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். நான் சிரித்துக்கொண்டேன். சூரியன் மேலேறி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதே வாக்கியத்தை நானும் சொன்னேன். கொஞ்சம் நாகரிகமாக, ஆங்கிலத்தில், ஒரு கெமர் வழிகாட்டியிடம்.

உங்களுக்கு இந்த மடல் எழுதக் காரணம் அந்த வாக்கியம்தான். நீங்களும் அதை உள்பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறீர்கள். எனக்குத் தெரியும். வாட்ஸப்பில் வந்த வீடியோ, பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தது, யாரோ ஒரு மாமா சொன்னது என்று எல்லாம் சேர்ந்து, "அங்கோர் வாட் கட்டிய சூரியவர்மன் தமிழன்" என்ற ஒரு முடிவு உங்களுக்கு முன்பே விமானம் ஏறிவிட்டது. அதைச் சுமந்துகொண்டு போய் நான் எதையெல்லாம் பார்க்காமல் விட்டேன், கூட வந்த நண்பன் அதைச் சுமக்காததால் எதையெல்லாம் பார்த்தான் என்பதைச் சொல்கிறேன். அதற்குமேல் உங்கள் விருப்பம்.

முதலில் வழிகாட்டி கதை. அங்கோர் வாட்டின் கீழ்ச்சுற்றில் நான்கு பக்கமும் புடைப்புச் சிற்பங்கள். மேற்குச் சுவரில் குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மரைக் கண்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிழக்குச் சுவரில் பாற்கடல் கடைகிறார்கள். ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே பாம்பு, அதை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் தேவரும் அசுரரும். வழிகாட்டி வாயைத் திறக்குமுன் நான் திறந்துவிடுவேன். வாசுகி யார், மந்தரமலை எது, ஆலகாலம் என்ன ஆனது. அவரும் பொறுமையாகக் கேட்டார். இலங்கைப் போர்ச் சுவருக்கு வந்தபோது நான் அனுமனைப் பற்றித் தொடங்கினேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் கதையில் அனுமன் மீன்கன்னியைக் காதலிப்பானா?"

"அனுமனா? அவர் பிரம்மச்சாரி ஆயிற்றே!"

"எங்கள் இராமாயணமான ரியம்கேரில் காதலிப்பான்" என்றார். சேது கட்டும்போது கற்களைக் கடலுக்கடியில் மீன்கள் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. அவற்றின் தலைவி இராவணனின் மகள், பாதி பெண், பாதி மீன். தடுக்கப் போன அனுமன் அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். இன்றைக்கும் அந்தக் காட்சியை நடனமாக ஆடுகிறார்கள். சொல்லி முடித்துவிட்டு, "அடுத்த சுவருக்குப் போகலாமா?" என்று கேட்டார். என் நண்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

கதை இங்கிருந்து போனது உண்மை. போன இடத்தில் அது அவர்கள் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்துவிட்டது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் போய் நின்று, இந்தக் குழந்தைகளெல்லாம் எங்களுடையவை என்று சொல்வோமா?

மெய்யான தொடர்புகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. அரசர் பெயர்களின் கடைசியில் வரும் "வர்மன்" நமக்குக் காஞ்சிபுரத்தில் கேட்ட பெயர்தான். இராஜேந்திர சோழனின் நட்பை நாடிக் காம்போஜ (கம்போடிய) மன்னன் தேர் ஒன்றை அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ அரசன் குலோத்துங்கனுக்குக் காட்டிய ஒரு கல் சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை அங்கேயுள்ள 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு குறிக்கிறது. இரண்டையும் நன்றாகப் பாருங்கள். தேர் வருகிறது, கல் வருகிறது. படை போகவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் அரியணை ஏறிய இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் மன்னன், குலேன் மலைக் கல்லை வெட்டிக் கொண்டுவந்து, தன் மக்களின் உழைப்பில், திருமாலுக்கு எழுப்பியது அங்கோர் வாட். அகழி மட்டும் சுமார் 190 மீட்டர் அகலம். வெளிக்கரை வழியே சுற்றி வந்தால் ஐந்தரை கிலோமீட்டர். அந்தக் கோபுரங்கள் அவர்களுடைய தேசியக் கொடியில் இருக்கின்றன.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் வந்ததில்லை என்பது ஓர் ஆறுதல். 1632இல் மொரிமோத்தோ உகொந்தாயு என்ற ஜப்பானியர் அங்கோர் வாட்டுக்கு வந்து, தந்தையின் நினைவாகவும் தாயின் நன்மைக்காகவும் வேண்டிக்கொண்டதை ஒரு தூணில் மையால் எழுதி வைத்தார். எழுத்து மங்கிப்போயிருந்தாலும் இன்றும் இருக்கிறது. அக்கால ஜப்பானியர் பலர் இந்த இடத்தைப் புத்தர் தங்கியிருந்த ஜேதவனம் என்றே நம்பினார்கள். அதாவது, கம்போடியாவில் நின்றுகொண்டு இந்தியாவைப் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்பினார்கள். அந்தத் தூணின் முன் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தூணில் எழுதினார், நான் வாயால் சொன்னேன். வேறு வித்தியாசம் இல்லை.

இப்போது நண்பனைப் பற்றி.

எனக்கு வரலாற்றுப் பித்து. அவனுக்கு அப்படி எதுவும் கிடையாது. தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டு ஊர், தாத்தா பனையேறி. இவன் படித்து, பம்பு செட் மோட்டார் விற்கும் கம்பெனியில் இருக்கிறான். "நீ போற, நானும் வரேன்" என்று வந்தவன். கிளம்புமுன் நான் பதினான்கு கோயில்களை வரிசை எண் போட்டுக் கைப்பேசியில் ஏற்றியிருந்தேன். அவன் நல்ல செருப்பு ஒன்று வாங்கியிருந்தான்.

சண்டை அங்கோரில் இரண்டாம் நாள் வந்தது. பாயோன் கோயிலில், காலை பதினொரு மணிக்கு. ஏழாம் ஜயவர்மன் கட்டியது; கோபுரம் தோறும் நான்கு திசையும் பார்த்துப் புன்னகைக்கும் பெரிய பெரிய முகங்கள். நான் முகங்களைப் படம் எடுத்து, மேல்தளம் ஏறி இறங்கி, அடுத்த கோயிலுக்குத் தயாராகிவிட்டேன். இவனைக் காணோம். தேடிப் போனால் வெளிச்சுற்றுச் சுவரின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு மணி நேரமாக.

"டேய், நீ ஊர் பாக்க வந்தியா, தூங்க வந்தியா?"

"நீ பாக்க வந்தியா, டிக் அடிக்க வந்தியா?"

அப்புறம் நடந்தது எழுதத் தக்கதல்ல. கல்லூரிக் காலத்துப் பாக்கியெல்லாம் வெளியே வந்தது. பதினைந்து நிமிடம் ஆளுக்கொரு கல்லில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவன்தான், "கோவம் போனா இங்க வா, ஒண்ணு காட்டுறேன்" என்றான்.

சுவரில் படை போகிறது. யானை, கொடி, ஈட்டி. அந்த வரிசைக்குள் ஒருவன் ஆமையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். அந்த ஆமை முன்னால் போகிறவனின் பின்புறத்தைக் கவ்விவிட்டது. அவன் திரும்பி முறைக்கிறான். எண்ணூறு வருடமாக முறைத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் போனால் இன்னும் இருக்கிறது: மீன் விற்கிற பெண், கோழிச் சண்டையில் கோழியை விடப் போகிறவன், கம்பியில் இறைச்சி சுடுகிறவன், பிரசவ வலியில் ஒரு பெண், அவளைத் தாங்கிப் பிடிக்கிற இன்னொருத்தி. "இந்த மாட்டு வண்டியப் பாரு" என்றான். "காலைல வழியில பாத்தமே, அச்சு அசல் அதே வண்டி. நுகத்தடிக்கு முன்னால அப்படியே வளஞ்சு மேல போகுதுல்ல?" நான் காலையில் எந்த வண்டியையும் பார்க்கவில்லை. காலையில் நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ஓர் ஒப்பந்தம் போட்டோம். அதிலிருந்து நாங்கள் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது நட்பு மிச்சமாகும்.

பணத்தை ஒரே பையில் போடுங்கள். ஆளுக்கு 100 டாலர் போட்டு ஒரு ஜிப் பை. சாப்பாடு, துக்-துக், தண்ணீர் எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுங்கள். "நேத்து காபிக்கு நான் குடுத்தேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே டாலரும் ரியெலும் இரண்டுமே ஓடும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியெல். டாலருக்குக் குறைந்த சில்லறையை ரியெலில் தருவார்கள். டாலர் நோட்டின் ஓரம் துளி கிழிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள். எங்களிடம் இருந்த அப்படியொரு இருபது டாலர் நோட்டு கம்போடியா முழுக்கச் சுற்றிவிட்டு எங்களோடேயே ஊர் திரும்பியது.

அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. சீட்டில் உங்கள் படமே அச்சாகிறது, கைமாற்ற முடியாது. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாள்களில் தீர்க்க வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் செல்லும். ஒரு நாள் கோயில், ஒரு நாள் சும்மா என்று விட்டு விட்டுப் போங்கள். கல்லையே தொடர்ந்து பார்த்தால் மூன்றாம் நாள் எல்லாக் கல்லும் ஒரே கல்லாகிவிடும். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் அங்குள்ள கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. ஆகவே விலையைப் பார்த்து முணுமுணுக்க வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். அரைக்கால் சட்டையோடு போய் வாசலில் வழக்குரைக்காதீர்கள். நம் ஊர்க் கோயிலில் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம் அல்லவா?

கோயில் வாசலில் அஞ்சலட்டை விற்கும் குழந்தைகளிடம் வாங்காதீர்கள். மனசு கேட்காதுதான். நீங்கள் வாங்குகிற ஒவ்வோர் அட்டையும் அந்தக் குழந்தை நாளைக்கும் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க ஒரு காரணம். அநாதை இல்லத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். குழந்தைகள் வேடிக்கைப் பொருள் அல்ல.

கடைசியாக, ஒரு நாளாவது பிரிந்து போங்கள். எங்கள் ஒப்பந்தத்தின் முக்கியமான விதி இதுதான். நான் துக்-துக் பிடித்து, அங்கோரில் 'பெரிய சுற்று' என்கிற பாதையில் உள்ள ஐந்து கோயில்களை முடித்துவிட்டு வந்தேன். அவன் ஒரு டாலரோ இரண்டு டாலரோ கொடுத்து சைக்கிள் எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான். இரவுச் சாப்பாட்டில், நும் பஞ்சோக் தட்டுக்கு முன்னால், சேர்ந்தோம். நம்முடைய இடியாப்பத்தை மீன் சாறில் போட்டுப் பச்சிலைகளைத் தூவினால் எப்படியிருக்கும், அதுதான் நும் பஞ்சோக். எனக்கு ஐந்து கோயில்களும் ஒன்றோடொன்று குழம்பிப்போயிருந்தன. அவன் சொல்லிக்கொண்டே போனான். கால் வைத்துத் தூக்கிக் கட்டிய வீடுகள், அடியில் தூளி, வாசலில் மழைநீர் பிடிக்கும் ஆளுயர ஜாடிகள், வீட்டுக்கு வீடு கம்பத்தின் மேல் சாமிக்கு ஒரு குட்டி வீடு. கழுத்தில் கட்டம் போட்ட ஒரு துண்டு வேறு. க்ரொமா என்று பெயர். தலைக்குக் கட்டலாம், குழந்தையைச் சுமக்கலாம், குளித்துத் துவட்டலாம், காய்கறி முடிந்து வரலாம். "நம்ம துண்டு செய்யிற எல்லா வேலையும் செய்யுது" என்றான். அவனும் ஊரோடுதான் ஒப்பிட்டான். ஆனால், நம்ம துண்டிலிருந்துதான் இது வந்தது என்று அவன் சொல்லவில்லை. என் பேச்சுக்கும் அவன் பேச்சுக்கும் இருந்த தூரம் அவ்வளவுதான்.

சியெம் ரீப் வருமுன் நாங்கள் புனோம் பென்னில் இரண்டு நாள் இருந்தோம். அதை இங்கே சொல்லியாக வேண்டும். கம்போடியா என்றால் கோயில் என்று மட்டும் நினைத்துத் தலைநகரத்தைத் தாண்டிப் பறந்துவிடாதீர்கள். துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். 1975 ஏப்ரல் 17இல் கெமர் ரூஜ் என்ற இயக்கம் தலைநகரைப் பிடித்தது. 1979 ஜனவரி 7 வரை நீடித்த அந்த ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. இந்தப் பள்ளியை அவர்கள் சிறையாக்கினார்கள். உள்ளே போன ஆயிரக்கணக்கானவர்களில் உயிரோடு வெளியே வந்தவர்கள் மிகச் சிலரே. வகுப்பறைக்குள் செங்கல் அடுக்கிக் கட்டிய கொட்டடிகள். சுவர் முழுக்கக் கைதிகளின் படங்கள், கொண்டுவந்த அன்று எடுத்தவை. சிரிக்கும் முகத்தின் மேல் கோடு போட்ட ஒரு பலகை அங்கே இருக்கிறது. அந்தப் பலகை எதற்கு என்று உள்ளே போகும்போது யோசித்தேன். வெளியே வரும்போது யோசிக்கவில்லை.

அன்று நானும் நண்பனும் பேசிக்கொள்ளவில்லை. முற்றத்து மரத்தடியில் அவன் ஒரு பெஞ்சில், நான் ஒரு பெஞ்சில். ஒருவன் பேசத் தோன்றாதபோது மற்றவனும் சும்மா இருக்கத் தெரிந்தால், அவன் பயணத்துக்கு ஏற்ற துணை.

ஆனால் அன்று மாலை ஒரு தப்புச் செய்தேன். துக்-துக் ஓட்டியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அக்கறையாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "அந்தக் காலத்தில் உங்கள் குடும்பத்தில் யாராவது…" என்று ஆரம்பித்தேன். அவர் பதில் சொல்லவில்லை. முன்கண்ணாடியில் தெரிந்த முகம் தெரியாமல் போயிற்று. தலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். நண்பன் என் கையைப் பிடித்து அழுத்தினான். அந்த வயதுள்ள ஒவ்வொருவரும் அதைக் கடந்து வந்தவர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நாமாகக் கேட்பதற்கு நமக்கு ஓர் உரிமையும் கிடையாது. நாம் பதினோரு நாள் விருந்தாளிகள்.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

சியெம் ரீப்பிலிருந்து பந்தியாய் ஸ்ரெய் கோயில் சுமார் 35 கிலோமீட்டர். போகும் வழியில் ப்ரே தாக் என்றொரு ஊர். சாலையின் இரு பக்கமும் வயலுக்கு நடுவே பனை. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பனை கம்போடியாவின் தேசிய மரம். 2005இல் அரசாணை போட்டு அறிவித்தார்கள். நமக்கு அது மாநில மரம். அந்த ஊரில் வீட்டு வாசல்களிலேயே அடுப்பு மூட்டிப் பதநீர் காய்ச்சுகிறார்கள்.

"நிப்பாட்டச் சொல்லு" என்றான் நண்பன். மணி எட்டு. என் திட்டப்படி எட்டரைக்குக் கோயிலில் இருக்க வேண்டும். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

மண் அடுப்பில் அகலமான இரும்புச் சட்டி. அதில் தேன் நிறத்துக்கு வந்துவிட்ட பதநீர் நுரைத்துக் கொதிக்கிறது. பக்கத்தில் தாழ்வான மணையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. தலையில் க்ரொமா. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. இவன் பனையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, மரம் ஏறுவதுபோல் கையால் அளந்து காட்டினான். பாட்டி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மரத்தைக் காட்டினாள். அங்கே மரத்தோடு சேர்த்து நெட்டாக ஒரு மூங்கிலைக் கட்டியிருந்தார்கள். கணுக்கிளைகளைச் சாண் அளவு விட்டு வெட்டி, அதையே படியாக்கி ஏறுகிறார்கள். கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். இவன் இல்லை இல்லை என்று தலையாட்டி, இரண்டு காலையும் சேர்த்துத் தளைநார் போட்டு, நெஞ்சை மரத்தில் அணைத்து ஏறுவதை நின்ற இடத்திலேயே நடித்துக் காட்டினான். பாட்டி வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளே யாரையோ கூப்பிட்டாள். மருமகளாக இருக்கும், வந்து பார்த்து அவளும் சிரித்தாள். இவன் மறுபடி ஏறிக் காட்ட வேண்டியதாயிற்று.

பிறகு சட்டியைப் பார்த்தான். மூக்கைச் சுளித்து மோந்தான். துடுப்பில் ஒட்டியிருந்ததை நகத்தால் எடுத்து, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தான். "இன்னும் ரெண்டு கொதி வரணும்" என்று தமிழில் சொல்லி, இரண்டு விரலைக் காட்டினான். பாட்டி அவன் விரலைப் பிடித்துப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் துடுப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் பாட்டி இறந்து இருபது வருடம் இருக்கும். அந்த அடுப்பங்கரைக்குப் பிறகு அவன் துடுப்புப் பிடித்திருக்க மாட்டான். வேட்டி கட்டியவன்போலக் கால் சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு கிண்டினான். பதம் வந்ததும் சட்டியை இறக்கி, மருமகள் மத்துப்போன்ற ஒரு கட்டையால் அதைக் கடைந்தாள். "எங்க ஊர்ல கடைய மாட்டாங்க" என்றான் என்னிடம், வியப்போடு. நாம் சிரட்டையில் ஊற்றுவோம். அவர்கள் பனையோலையை மோதிரம்போல் வளைத்து வரிசையாக வைத்து அதில் ஊற்றுகிறார்கள். ஆறினால் வட்ட வட்ட வில்லைகள். ஒரு வில்லையை வாயில் போட்டேன். கருப்பட்டியைவிட நிறம் வெளுப்பு, வாயில் போட்டதும் மணல்போல் உதிர்கிறது. கடைந்ததால்தான் என்று நண்பன் தீர்ப்பளித்தான். ஓலையில் சுற்றிய நான்கு கட்டு வாங்கினோம். கிளம்பும்போது கைகூப்பி "ஆக்குன்" என்றேன். நன்றி என்று பொருள். எனக்குத் தெரிந்த கெமர் சொல் அது ஒன்றுதான். பாட்டி எனக்குக் கைகூப்பினாள். அவனுக்கு முதுகில் ஓர் அடி வைத்தாள்.

அந்த வயதுக்காரி. 1975இல் இருபதை ஒட்டியிருப்பாள். அவளை நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

பந்தியாய் ஸ்ரெய் போய்ச் சேரப் பத்து மணியாகிவிட்டது. கி.பி. 967இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். கட்டியவன் அரசனல்லன், யக்ஞவராகன் என்ற அரசவை அறிஞன். அங்கோர் வாட்டைப் பார்த்த கண்ணுக்குப் பொம்மை வீடு போலிருக்கும். ரோஜா நிறக் கல்லில், மரத்தில் இழைத்ததுபோல் விரற்கடை இடம் விடாமல் வேலை. பெயருக்குப் பெண்களின் கோட்டை என்று பொருள். நான் வழக்கம்போல் தேடினேன். கயிலையை அசைக்கும் இராவணன் கிடைத்தான், நரசிம்மர் கிடைத்தார், வாலியும் சுக்ரீவனும் கிடைத்தார்கள். பட்டியலில் குறி போட்டுக்கொண்டே நடந்தேன். ஒரு வாசலின் மேல் முகப்பில் ஆடும் சிவன். பல கைகள். "ஆகா, நடராசர்" என்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

"டேய், நில்லு. அந்தக் கிழவிய எங்கேயோ பாத்திருக்கேன்."

எந்தக் கிழவி? திரும்பி வந்து அவன் கை நீட்டிய இடத்தைப் பார்த்தேன். ஆடும் பெருமானின் காலடியில் ஓர் ஓரமாக, சின்னதாக, எலும்பும் தோலுமாக ஓர் உருவம். வற்றித் தொங்கும் மார்பு. உட்கார்ந்திருக்கிறது. முகம் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறது.

"எங்க ஊர் கோயில்ல அறுபத்து மூவர் வரிசை இருக்கும்ல? எல்லாரும் நிப்பாங்க. இந்தம்மா மட்டும் ஒக்காந்திருக்கும். சின்ன வயசுல பயந்து பயந்து அத மட்டும் பாத்துட்டு ஓடி வந்துருவேன்."

காரைக்கால் அம்மையார்.

ஆராய்ச்சியாளர்கள் அப்படித்தான் அடையாளம் சொல்கிறார்கள் என்று நான் எங்கேயோ படித்திருந்தேன். படித்தும் மறந்திருந்தேன். நான் தேடியது வேறு: வாள், புலிக்கொடி, கடல் தாண்டிய படை. அந்தப் பட்டியலில் மெலிந்த கிழவி இல்லை. மாங்கனி வாங்கிய வணிகன் மனைவி, கணவனுக்கு வேண்டாத அழகைச் சிவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேயுருக் கேட்டு வாங்கியவள், கயிலைக்குத் தலையால் நடந்தவள், அவனே "அம்மையே" என்று அழைத்தவள். ஆடும்போது உன் அடியின் கீழ் இருக்க வேண்டும் என்று வரம் கேட்டவள். அது இங்கேயும் பலித்திருக்கிறது. 967 என்றால் இராஜராஜன் அரியணை ஏறுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அப்போது அடிக்கல்கூட இல்லை. நம் பேரரசர்களின் கப்பல்கள் கிளம்புமுன்பே இவள் கெமர்க் காட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். செதுக்கியது கெமர்ச் சிற்பியின் உளி. அவர்கள் தங்கள் கோயிலில், தங்கள் சிவனின் காலடியில், அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நானும் அவனும் எதிரே நிழலில் உட்கார்ந்து பனங்கட்டி வில்லையைச் சப்பினோம். என் பதினான்கு கோயில் பட்டியலில் அன்றோடு ஒன்பது முடிந்திருந்தது. மீதி ஐந்துக்கு நாங்கள் போகவேயில்லை.

நண்பர்களே, தா ப்ரோம் கோயிலில் மரவேர்கள் கவ்விப் பிடித்த மண்டபங்களைப் பார்க்கும்போது, அதன் சில பகுதிகளை இந்தியத் தொல்லியல் துறையும் கம்போடிய அதிகாரிகளும் சேர்ந்து செப்பனிட்டதைச் சொல்லும் பலகையையும் பாருங்கள். அங்கே நின்று "நாங்களும் கொஞ்சம் கை வைத்தோம்" என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்; சரிந்த கல்லை எடுத்து அடுக்கியதற்கு வந்த உரிமை அது. மற்ற இடங்களில் "நம்மாளு கட்டினது" என்ற சொல் நாக்கு நுனிக்கு வரும்போது, வழிகாட்டி பேசி முடிக்கட்டும். அவருடைய அனுமன் வேறு அனுமன்.

உங்களைப்போலவே சிந்திக்கும் நண்பனைக் கூட்டிப்போகாதீர்கள். உங்களுக்குப் பிடித்த எதிலும் ஆர்வமில்லாத, கொஞ்சம் எரிச்சலூட்டுகிற, வழியில் நிறுத்தச் சொல்கிற ஒருவனையோ ஒருத்தியையோ கூட்டிப்போங்கள். அவர் நிறுத்தச் சொல்லும்போது நிறுத்துங்கள்.

பந்தியாய் ஸ்ரெய்க்குக் காலையிலேயே போய்விடுங்கள். எந்த வாசல் என்று நான் சொல்லப் போவதில்லை. அவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் இருவரில் யார் முதலில் கண்டார்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் போய், பாதியைப் பார்க்காமல் திரும்பிய ஒருவன்